குளம் பிடிபட்ட கதை

குளம் உறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். பாரிசில், எங்கள் ஆட்கள் கூடுகிற லா சப்பலில், தேநீர்க் கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னால் பக்கத்து மேசைக்காரரும் திரும்பிப் பார்ப்பார்கள். "அண்ணே, சும்மா கதை விடாதீங்க. தண்ணி உறையறதைப் பார்க்க ஒரு ஆளா? எங்க வீட்டு ஃப்ரிட்ஜுலகூடத்தான் உறையுது, நான் நின்னு பார்த்ததில்லையே" என்பார் மதுரைக்காரர் செல்வம். கணினி வேலைக்காரர், நல்ல மனிதர். ஆனால் நான் குளம் என்றால் அவர் ஏரி என்று திருத்துவார். யாழ்ப்பாணத்தில் தேங்கி நிற்கிற தண்ணீர் எல்லாம் எங்களுக்குக் குளம்தான். லா கூர்னெவ் பூங்காவின் நடுவில் கிடக்கிற அந்தப் பெரிய தண்ணீரும் குளம்தான். செல்வம் எவ்வளவு திருத்தினாலும் நான் மாற்றப் போவதில்லை.

போன மாதம் பழைய வேலை இடத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். கரையில் இப்போது கமெரா பூட்டியிருக்கிறார்களாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் அறைக்குள் இருந்தபடியே குளத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் குளம் கரைக்குக் கரை உறைந்ததை அவர்களில் ஒருவரும் கண்டதில்லை. அப்படிக் குளிர் இப்போது வருவதும் குறைவு. "வந்து சொல்லுங்கள், நீங்கள் கண்டவர்" என்றார்கள். போய்ச் சொன்னேன். பிரெஞ்சில் சொன்னதால் பாதிதான் வெளியே வந்தது. மிச்சத்தையும் சேர்த்து இங்கே தமிழில் எழுதிவிடுகிறேன்.

நான் பூங்கா வேலைக்குப் போனது ஐம்பதை நெருங்கும் வயதில். அதற்கு முன் உணவகங்களில் கோப்பை கழுவினேன், பிறகு வெங்காயம் வெட்டினேன், பிறகு சமைத்தேன். என் பிரெஞ்சு முழுவதும் அடுப்படியில் பொறுக்கியது. கெட்ட வார்த்தைகள் எல்லாம் சுத்தமாக வரும். பூங்காவில் இலை கூட்டுதல், ஆட்கள் உட்காருகிற வாங்குகளுக்கு வர்ணம் பூசுதல், படகுத்துறையைப் பார்த்துக்கொள்ளுதல் என்று கொடுத்த வேலையைச் செய்தேன். கோடையில் ஒரு வாரம் மீட்புப் பயிற்சி. கயிற்றுப் பை என்று ஒன்று தருவார்கள், தலையணை உறை அளவில், உள்ளே கயிறு மடித்து இருக்கும். ஒரு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு பையை எறிந்தால் கயிறு பின்னாலேயே அவிழ்ந்து போகும். எங்கள் ஷெஃப், சமையல்காரர் இல்லை, மேலதிகாரி, புல்தரையின் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். தண்ணீரில் தத்தளிக்கிறவர் அவர்தான் என்று வைத்துக்கொண்டு நாங்கள் எறிய வேண்டும். "எனக்கு எறியாதே. என்னைத் தாண்டி எறி. கயிறு என் தோளில் விழட்டும்" என்பார். என் முதல் வீச்சில் அவருடைய தொப்பி போய்விட்டது. அவர் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் "இன்னொரு தரம்" என்றார்.

அவர் பெயர் மதாம் கிளோதில். ஜூரா மலைப் பக்கத்துப் பெண். நெடுநெடுவென்று உயரம், குளிர்காலம் முழுக்க ஒரே சிவப்புக் கம்பளித் தொப்பி, இரண்டு கையும் சட்டைப் பைக்குள். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவர் ரகசியம் பேசுவது போலப் பேசத் தொடங்கினால் நாங்கள் எல்லோரும் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிடுவோம். பனிக்கட்டியைப் பற்றி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வது போலத்தான் பேசுவார். "அவள் இன்னும் முடிவு எடுக்கவில்லை" என்பார். "இன்றைக்கு அவள் சொல்வதை நம்பாதே" என்பார். நாங்கள் சொல்லக்கூடாத ஒரு வசனம் இருந்தது: "உறைந்துவிட்டது, பயமில்லை." அதைச் சொன்னவனை அன்று முழுக்கக் கழிப்பறை கழுவ அனுப்பிவிடுவார். கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். கறுப்பாக இருக்கிறது, வெள்ளையாக இருக்கிறது, சத்தம் போடுகிறது. அவ்வளவுதான்.

இனி அந்தத் தொலைபேசிக் கதை. 2009 பிறந்த நேரம், குளிர் எலும்பைத் தேடிப் பிடித்தது. ஒருநாள் காலை நான் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்னே மதாம் கிளோதில் கூப்பிட்டார். "லு லக் எ ப்ரி. கெதியாக வா" என்று இரண்டே வசனம். 'லு லக்' என்றால் குளம், அது தெரியும். எனக்குத் தெரிந்த 'ப்ரி' உணவகத்து 'ப்ரி'. இந்த மேசை 'ப்ரி' என்றால் வேறு ஆள் பிடித்துவிட்டான் என்று அர்த்தம். குளத்தை யாரோ பிடித்துவிட்டார்கள்! அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் வானொலி ஓய்ந்ததே இல்லை. வன்னிப் போரில் ஊர் ஊராகப் பிடிபட்டுக்கொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் கண்டால் 'எப்படி இருக்கிறியள்' என்று கேட்பதை விட்டுவிட்டு 'எதைப் பிடிச்சிட்டாங்களாம்' என்று கேட்ட காலம். என் வாய் தானாகக் கேட்டது: "பார் கி?" யாரால் பிடிபட்டது?

மறுமுனையில் மதாம் கிளோதில் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "பார் லு ஃப்ருவா, மெஸ்யு." குளிரால், ஐயா.

பிரெஞ்சில் குளம் உறைந்தால் 'பிடிபட்டது' என்றுதான் சொல்வார்களாம். பால் உறைந்து தயிரானாலும் அதே சொல்தானாம். அன்றைக்குப் போய்ப் பார்த்தேன். கரைக்குக் கரை ஒரே கறுப்புக் கண்ணாடி. அசைவு இல்லை, அலை இல்லை. மேலே சூரியன் சின்னதாக, வெள்ளையாக நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த மாதத்தில் ஒரு இடம் பிடிபட்டு ஒருவரும் சாகாமல் இருந்ததை நான் கண்டது அதுதான். மதாம் கிளோதில் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு கையை எடுத்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். அதன் பிறகு எங்கள் அணியில் எது கைவிட்டுப் போனாலும், சாப்பாட்டுப் பெட்டி காணாமல் போனாலும், ஒருவன் 'ப்ரி' என்பான், மற்றவன் 'பார் கி?' என்பான்.

குளம் உறைவதைப் பார்ப்பது என்றால் என்ன என்று சொல்கிறேன், செல்வமும் வாசிக்கட்டும். காற்று இருக்கிற இரவில் உறையாது. காற்று விழ வேண்டும். முதலில் நாணல் ஓரமாகப் பால் ஆடை போல ஒரு மெல்லிய தோல் படரும். வாத்து ஒன்று நீந்தினால் கிழிந்துவிடும். அடுத்த நாள் கிழியாது. வாத்து முட்டிப் பார்த்துவிட்டுச் சுற்றிப் போகும். பிறகு ஒருநாள் காட்டு வாத்து ஒன்று வழக்கம் போல மேலிருந்து இறங்கும், காலை நீட்டும், தண்ணீர் இல்லை! குண்டியால் வழுக்கிக்கொண்டு குளத்தின் பாதிவரை போகும். போய் நின்று, எழும்பி, இறகைச் சரிசெய்து, யாரும் பார்க்கவில்லை என்கிற மாதிரி ஒரு நடை நடக்கும் பாருங்கள், அதற்கே தனிச் சம்பளம் தரலாம்.

ஒவ்வொரு காலையும் மதாம் கிளோதிலும் நானும் ஒரே வழியில்தான் போவோம். முதலில் நாணல் ஓரம். அங்கே ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தட்டையாக விடுவார். மெல்லிய பனிக்கட்டி குருவி மாதிரிக் கீச்சிடும். தடித்துவிட்டால் சத்தம் இறங்கி 'டொக்' என்று வரும். பிறகு படகுத்துறை. பலகையில் குப்புறப் படுத்துக் கைத்துரப்பணத்தால் ஓட்டை போட்டு, கொக்கி வைத்த தடியை விட்டு எத்தனை விரற்கடை என்று பார்ப்பார். பிறகு பாலத்தடி, தண்ணீர் ஓடுகிற இடம் கடைசிவரை மெல்லிதாகத்தான் இருக்கும். கடைசியாக வாத்துக் குழி. வாத்துகள் எல்லாம் ஓரிடத்தில் கூடி இரவு பகலாக நீந்தி நீந்தித் தங்களுக்கென்று ஒரு துண்டுத் தண்ணீரை உறையவிடாமல் வைத்திருக்கும். பார்க்க வெகு அழகு. "குளத்தில் ஆகக் கெட்ட இடம் அதுதான். சுற்றிவரப் பனிக்கட்டி ஆளைத் தாங்காது" என்பார் மதாம் கிளோதில். பின்னேரம் குளிர் இறுகும்போது குளம் முழுக்க ஒரு முனகல் ஓடும். மேல் மாடிக்காரர் அலுமாரி இழுக்கிற சத்தம் மாதிரி. முதல் தடவை கேட்டபோது "அட கோதாரி" என்று நான் பின்னால் பாய்ந்தேன். அவர் சிரித்தார். "முனகினால் பயப்படாதே. முனகாமல் இருந்தால்தான் பயப்படு."

இவ்வளவும் சொன்னது 2012ஆம் ஆண்டுக் கதைக்காக. இங்கத்தைய கணக்கில் பெப்ரவரி, எங்கள் கணக்கில் தை. தை என்றால் பாரிசில் இருக்கிற மண்டபம் எல்லாம் எங்கள் கலியாணம்தான். குளிரோ அப்படி ஒரு குளிர்; குளம் முழுதும் பிடிபட்டுக் கிடந்தது. சுற்றிவர வலை கட்டி, அறிவித்தல் மாட்டி, நாங்கள் காவல் சுற்றிக்கொண்டிருந்தோம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் பாலத்தைத் தாண்டியபோது மதாம் கிளோதில் நின்றுவிட்டார். வெள்ளைக் குளத்தின்மேல் சிவப்பாக ஒன்று தெரிந்தது.

கூறைச் சேலை! பக்கத்தில் பட்டு வேட்டி, தலைப்பாகை. பொம்பிளையும் மாப்பிள்ளையும் கைகோத்துக்கொண்டு குளத்தின்மேல் நிற்கிறார்கள், கரையிலிருந்து இரண்டு பேருந்து நீளம் தள்ளி. வலையை மடித்துவிட்டுக் கமெராக்காரர் கரையில் முழங்காலில் இருந்து கத்துகிறார்: "இன்னும் கொஞ்சம் பின்னாலை! வாத்து வரேல்லை! வாத்து வரோணும்!" அவர்கள் சிரித்துக்கொண்டே, பின்னால் பார்க்காமல், வாத்துக் குழியை நோக்கி அடி அடியாகப் போகிறார்கள். கமெராக்காரருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாயார், இரண்டு பேருடைய குளிர்ச்சட்டையும் கையில் தொங்க, பெருமையாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் சொந்தக்காரர் ஒரு கூட்டம்.

நான் கத்தப் போனேன். மதாம் கிளோதில் என் கையைப் பிடித்தார். குரல் இறங்கிவிட்டது. "கத்தாதே. கத்தினால் ஓடுவார்கள். தேநீர் குடிக்கக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடு. உன் மொழியில்." சொல்லிவிட்டு வோக்கிடோக்கியில் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டபடியே ஏணி எடுக்கப் போய்விட்டார்.

கரைக்கு வந்தேன். நெஞ்சு அடிக்கிற அடியில் தேநீர் எங்கே வரும்! ஆனாலும் கூப்பிட்டேன். "பிள்ளை, தம்பி, வணக்கம். வடிவாய் இருக்கிறியள். அப்பிடியே நில்லுங்கோ. இனி ஒரு அடியும் பின்னாலை வைக்காதையுங்கோ."

இருவரும் நின்றார்கள். அந்த நேரம் பார்த்துக் காலடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். வெள்ளைக் கோடு ஒன்று பெடியனின் காலிலிருந்து வாத்துப் பக்கம் ஓடியது. பெட்டையின் சிரிப்பு நின்றது. அவள் பெயர் சிந்துஜா என்றும் அவன் நிரோஷன் என்றும் பிறகுதான் அறிந்தேன்.

"ஒண்டுக்கும் பயப்படாதையுங்கோ. இப்ப கையை விடுங்கோ. விட்டிட்டு ஒருத்தருக்கொருத்தர் தள்ளிப் போங்கோ" என்றேன். இரண்டு பேர் பாரம் ஓரிடத்தில் நிற்கக்கூடாது, அதுதான் முதல் பாடம்.

எனக்குப் பின்னால் இடி விழுந்தது. "வாயைக் கழுவுங்கோ!" மாப்பிள்ளையின் தாயார். "தாலி கட்டி இன்னும் பொழுது படேல்லை, கையை விடச் சொல்லுறியளோ? எந்த ஊர் ஆள் நீங்கள்? தம்பி, விடாதை! அவளின்ரை கையை விடாதை!"

அவனும் விடவில்லை. தாய் சொன்னதற்காக மட்டும் இல்லை, பயத்தில் கை பூட்டிப் போய்விட்டது. சிந்துஜா பிரெஞ்சில் "லாஷ், நிரோ, லாஷ்" என்று மெல்லச் சொல்கிறாள். விடு, விடு. "ஏலாது" என்கிறான் அவன். "உன்னை இஞ்சை விட்டிட்டு எப்பிடி?" இன்னொரு 'டிக்'. எனக்கு விளங்கிவிட்டது. ஐயர் முன்னால் பிடித்த கையை விடு என்று எத்தனை தரம் சொன்னாலும் இவன் விடப்போவதில்லை, தாய் விடவும் விடமாட்டார். விடச் சொல்லக்கூடாது, வேறு எதையாவது பிடிக்கச் சொல்ல வேண்டும்.

கயிற்றுப் பையை எடுத்தேன். தாண்டி எறிந்தேன். கயிறு நிரோஷனின் தோளில் வந்து விழுந்தது, கடவுளே என்று விழுந்தது.

"தம்பி, கையை விட வேண்டாம். இந்தக் கயிறைப் பிடியும். ரெண்டு பேருக்கும் ஒரே கயிறுதான். நுனியை நீர் இடுப்பிலை கட்டும். நாலு பாகம், நாலு ஆள் நீளம், தள்ளி உம்மடை மனிசி கட்டட்டும்." திரும்பித் தாயாருக்கும் சொன்னேன். "அக்கா, கை விடேல்லை. கை கொஞ்சம் நீண்டிருக்கு, அவ்வளவுதான்."

அவர் என்னை முறைத்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார். பிறகு, "கட்டடா, கெதியாக் கட்டு!" என்று கத்தினார்.

விறைத்த கையோடு இருவரும் கட்டினார்கள். சிந்துஜா நன்றாக இறுக்கினாள், அவனுடையது அரைகுறை முடிச்சு. "இனிப் படுங்கோ. வயிறு ஐஸிலை முட்டப் படுங்கோ." கூறையோடா என்று கேட்பாள் என நினைத்தேன். ம்ஹும்! நகை, மாலை, சடைநாகம், அத்தனையோடும் பொத்தென்று படுத்துத் தவழத் தொடங்கினாள் அந்தப் பெட்டை. சந்தோஷத்தில் எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. "நீர் முன்னாலை போம்" என்று நிரோஷன் பின்னால் நின்றான். அவன் படுக்கக் குனிந்தபோது தலைப்பாகை கழன்று உருண்டு போய் வாத்துக் குழியில் விழுந்தது. ஒரு வாத்து அதைக் கொத்திப் பார்த்தது. இந்த மனிதனும் கையை நீட்டிக்கொண்டு அதற்குப் பின்னால் ஒரு அடி வைத்தான்.

"டேய்! அதை விடடா விசரா!" சிந்துஜாவின் குரல் குளம் முழுக்கக் கேட்டது.

"ஐயோ, புருசனை டேய் எண்டுறாள்" என்றார் தாயார். அதே நேரம் பனிக்கட்டி உடைந்து நிரோஷனின் ஒரு கால் தொடைவரை தண்ணீருக்குள் போனது.

மதாம் கிளோதில் அதற்குள் ஏணியை நீட்டி விட்டு அதன்மேல் படுத்திருந்தார். வாழ்க்கையில் பனிக்கட்டியின்மேல் கால் வைக்காத மனுசி, இப்போதும் கால் வைக்கவில்லை, வயிறுதான் வைத்தார். "இழு! மெதுவாக, ஒரே சீராக!" என்றார். நான் திரும்பி, "எல்லாரும் வந்து பிடியுங்கோ, மெல்லமா இழுங்கோ" என்று சொல்லி முடிக்கவில்லை, கமெராக்காரர், தாயார், மாமன்மார், சித்திமார், பூங்காவில் ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் என்று எல்லோரும் கயிற்றில் தொங்கிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் கையில் ஒரு நீளக் கயிற்றைக் கொடுத்து மெல்ல இழு என்றால் கேட்பார்களா? வருடா வருடம் லா சப்பலில், ரூ பஜோல் தெருவில், பிள்ளையார் தேர் இழுத்துப் பழகின கை. யாரோ ஒரு மாமா "அரோகரா!" என்று தொடங்கினார். மொத்தக் கூட்டமும் "அரோகரா!" என்று ஒரே இழுவை.

கயிறு சடாரென்று இறுகியது. நிரோஷனின் கால் வெளியே வந்தது. சிந்துஜா முன்னால், அவன் பின்னால், இருவரும் குளத்தின்மேல் வழுக்கிக்கொண்டு வந்தார்கள். ஏணியில் கிடந்த மதாம் கிளோதிலைக் கூறைச் சேலை ஒன்று விர்ரென்று கடந்து போனது; அவர் தலையைத் திருப்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கரையில் நாணலுக்குள் இருவரும் வந்து குவிந்தார்கள். உயிரோடு, முழுசாக! நான் அழுதேன், சிரித்தேன், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரரைக் கட்டிப் பிடித்தேன். அவரும் "அரோகரா" என்றார்.

தீயணைப்புப் படையினர் வந்து நிரோஷனின் காலைப் பார்த்தார்கள். நல்ல காலம், குளிரைத் தவிர வேறு ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் பொன் நிறத்தில் மினுங்குகிற போர்வை கொண்டுவந்தார்கள். ஆனால் சுற்றுவதற்குக் கயிறு தடையாக இருந்தது. சிந்துஜாவின் முடிச்சு உறைந்து கல்லாகிவிட்டது, அவிழவில்லை. ஒருவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"நோன்!" என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது. ஒன்று சிந்துஜா. மற்றது அவளுடைய மாமியார். கலியாண நாளில் கட்டினதை வெட்டுவதா என்று அவருக்குப் பதற்றம். அன்று அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விசயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சிந்துஜா கூறையில் ஒட்டியிருந்த நாணலைத் தட்டிவிட்டு, கயிற்றோடு நிரோஷனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பல்லு நடுங்குகிறது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. "அண்ணை, இப்ப எடுங்கோ படம்" என்றாள் கமெராக்காரரிடம். "காலமை எனக்கு மட்டும்தான் கட்டினவை. இப்பதான் ரெண்டு பேருக்கும் கட்டியிருக்கு."

எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். அவர் மருமகளை ஒரு பார்வை பார்த்தார், மகனை ஒரு பார்வை பார்த்தார். மகனின் இடுப்பில் அந்த அரைகுறை முடிச்சு நெகிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. தோளில் போட்டிருந்த குளிர்ச்சட்டைகளை என்னிடம் தந்துவிட்டு, குனிந்து, அதை இழுத்து இறுக்கி இன்னொரு முடிச்சுப் போட்டார்.